இருபது கிலோவுக்கு மேல்

கஞ்சா வழக்கில் சிக்கியவரின் வீட்டார் என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்பது எடையைத்தான். பிடிபட்டவர் விற்றவரா, சுமந்தவரா, தானே புகைக்க வைத்திருந்தவரா என்பதெல்லாம் பிறகு. ஒரு கிலோவுக்குள் என்றால் ஜாமீன் எளிது. தண்டனையும் அதிகம் போனால் ஓராண்டு. அதற்கு மேல் இருபது கிலோ வரை என்றால் பத்தாண்டு வரை போகலாம், குறைப்பது நீதிபதியின் கையில். இருபது கிலோவை நூறு கிராம் தாண்டிவிட்டாலும் குறைந்தது பத்தாண்டு கடுங்காவல், குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம். நீதிபதி மனம் இரங்கினாலும் ஒரு நாள் குறைத்து எழுத முடியாது. மதுரையில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் போதைப்பொருள் வழக்குகள் நடத்தி வருகிறேன். தண்டனையைத் தீர்மானிப்பது தராசுதான் என்பதை எத்தனையோ தாய் தகப்பன்களை உட்கார வைத்து விளக்கியிருக்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்தது 1988-ல். என் சீனியர் பழைய ஆள். அவர் பார்த்துப் பழகிய கஞ்சா வழக்கு மதுவிலக்குச் சட்ட வழக்கு. சாராய கேஸ்களோடு சேர்ந்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும். சில மாதம் உள்ளே இருந்தோ அபராதம் கட்டியோ ஆள் வெளியே வந்துவிடுவான். 1985 நவம்பர் 14-ல் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1961-ன் ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சா பழக்கத்தை ஒழிக்க 25 ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தது. அது தீரப்போகும் நேரத்தில், சில வாரங்களுக்குள், பெரிய விவாதம் இல்லாமல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் வடக்கே குடிக்கிற பாங்கு விஷயத்தில் கை வைக்க முடியாததால், தனித்த இலையையும் விதையையும் விட்டுவிட்டு, செடியின் பூக்கதிரை மட்டும் கஞ்சா என்று வரையறுத்தார்கள். அந்த வரியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு அதிகம் வந்தவை பிரவுன் சுகர் வழக்குகள். தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகும் சரக்கு பிடிபடும். அதில் சிதறியது ஊருக்குள்ளும் புழங்கியது. சட்டம் அப்போது இரண்டே தட்டுதான் வைத்திருந்தது. ஹெராயின் 250 மில்லிகிராமுக்குள், அதுவும் சொந்த உபயோகத்துக்குத்தான் என்று எதிரியே நிரூபித்தால், ஓராண்டுக்குள் தண்டனை. அதற்கு மேலே ஒரு கிராமானாலும் ஒரு டன்னானாலும் பத்திலிருந்து இருபது ஆண்டு. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை பார்த்த ஒரு பையனுக்காக நான் ஆஜரானேன். சட்டைப்பையில் சிகரெட் பெட்டித் தாளில் மடித்த சில பொட்டலங்கள். மொத்தம் இரண்டு கிராம்கூட வராது. கையில் ஊசித் தழும்பு இருந்தது, ரிமாண்ட் செய்த அன்றே ஜெயிலில் வாந்தியும் நடுக்கமும் வந்து ஜெயில் டாக்டர் குறிப்பு எழுதியிருந்தார். அடிமைப்பட்டவன் என்பதில் அரசுத் தரப்புக்கே சந்தேகமில்லை. ஆனாலும் பத்தாண்டு. தீர்ப்பு வாசித்த நீதிபதி, தண்டனையைக் குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பிலேயே ஒரு பத்தி எழுதி வைத்தார். கொலை வழக்கில்கூட நான் அப்படி ஒரு பத்தியைப் பார்த்ததில்லை.

1989-ல் திருத்தம் வந்து சட்டத்தை இன்னும் இறுக்கியது. மீண்டும் அதே குற்றம் செய்தால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கட்டாய மரண தண்டனை என்று சேர்த்தார்கள். 2011-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை ஏற்கவில்லை, 2014-ல் நாடாளுமன்றமும் அதை நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது. பத்திரிகைகள் அதைப் பற்றித்தான் எழுதின. ஆனால் எங்கள் கட்சிக்காரர்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது அதே திருத்தம் இறுக்கிய 37-ம் பிரிவு. ஜாமீன் தர வேண்டுமென்றால், இந்த ஆள் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே போனால் குற்றம் செய்ய மாட்டான் என்று விசாரணை தொடங்கும் முன்பே நீதிபதி திருப்திப்பட வேண்டும். சாட்சியே விசாரிக்காமல் எந்த நீதிபதி அப்படி எழுதுவார்?

மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தது 2004 ஜூலையில்தான். அதுவரை ஒவ்வொரு ஜாமீன் மனுவுக்கும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போக வேண்டும். வக்கீல் ஃபீஸ், ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை என்று தாலி, தோடு, கடைசியில் ஆடு மாடு வரை விற்றுக்கொண்டு வருவார்கள். மனு தள்ளுபடியாகும். அடுத்த மாதம் திரும்பவும் வருவார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம் தேங்கிக் கிடந்த விசாரணைக் கைதிகளுக்கு ஒரு வழி சொன்னது: குறைந்தபட்சம் பத்தாண்டுத் தண்டனை உள்ள வழக்கில் ஐந்தாண்டு உள்ளேயே இருந்துவிட்டவரை, ஒரு லட்ச ரூபாய்க்கு இரு நபர் ஜாமீனில் விடலாம். அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு ஒரு கைதியின் அண்ணனிடம் போனேன். மதுரைக்கு மேற்கே மானாவாரி விவசாயி. ஒரு லட்சம் பெறுகிற சொத்துப் பத்திரத்தோடு கையெழுத்துப் போட இரண்டு பேரை அவரால் கொண்டுவர முடியவில்லை. "அய்யா, உத்தரவு நல்ல உத்தரவுதான். எங்களுக்குத்தான் ஆள் இல்லை" என்றார். தம்பி தீர்ப்பு வரும்வரை உள்ளேயேதான் இருந்தான்.

தண்டனை பெற்றபிறகும் இந்தச் சட்டத்தின் கைதி தனி ஜாதிதான். 32ஏ பிரிவுப்படி தண்டனைக் கழிவு கிடையாது. 2008-ல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி ஆயுள் கைதிகள் ஏராளமானோரைத் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. கொலை செய்துவிட்டுப் போனவர்கள் மாலையோடு வெளியே வந்தார்கள். அதே பிளாக்கில் இருந்த என் கட்சிக்காரர்கள் பத்தாண்டை நாள் குறையாமல் கழித்தார்கள்.

2001 அக்டோபர் 2-ல் அமலுக்கு வந்த திருத்தம்தான் சிறிய அளவு, வணிக அளவு, இடைப்பட்ட அளவு என்று பிரித்தது. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கஞ்சாவுக்கு ஒரு கிலோ, இருபது கிலோ. எங்கள் பாரில் அன்று பெரிய நிம்மதி. அந்தச் சலுகை விசாரணையில் இருந்த வழக்குகளுக்குப் பொருந்தும், ஏற்கெனவே தண்டனை பெற்று மேல்முறையீட்டில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. இதனால் என் கண்முன்னே ஒன்று நடந்தது. நூறு கிராம் சொச்சம் பிரவுன் சுகர் வழக்கில் இரண்டு பேர். முதல் எதிரி ஒழுங்காக வாய்தாவுக்கு நின்று 1990-களின் கடைசியில் பத்தாண்டு வாங்கினார். இரண்டாமவர் தலைமறைவாகிவிட்டதால் வழக்கைப் பிரித்து வைத்திருந்தார்கள். அவர் பிடிபட்டது திருத்தத்துக்குப் பிறகு. புதிய சட்டப்படி இடைப்பட்ட அளவு, மூன்றாண்டு. கோர்ட்டுக்குப் பயந்து நின்றவர், ஓடிப்போனவர் விடுதலையாகி ஊருக்குப் போன பிறகும் சிறையில் இருந்தார். உள்ளே இருந்தவரின் மனைவி இது என்ன நியாயம் என்று என்னிடம் கேட்ட கேள்விக்கு அரசியல் சாசனத்தின் 14-ம் பிரிவைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. உச்ச நீதிமன்றமும் 2004-ல் அந்தப் பாகுபாடு சரியே என்று சொல்லிவிட்டது.

இன்னொன்றைப் பலர் கவனிக்கவில்லை. 2001-ன் திருத்தம் ஹெராயினுக்குத் தளர்வு, கஞ்சாவுக்கு இறுக்கம். அதற்கு முன் கஞ்சாவுக்கு எவ்வளவு எடையானாலும் ஐந்தாண்டுதான் உச்சம். பிறகு இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே பத்தாண்டு. தென்மாவட்டங்களில் பிடிபடுவது பெரும்பாலும் கஞ்சா. ஆக, தண்டனையைச் சீர்செய்ய வந்த திருத்தம் எங்கள் பக்கத்து ஏழைகளுக்குத் தண்டனையை இரட்டிப்பாக்கியது.

அவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் வருசநாடு, கம்பம் மலைகளில் விளைந்தது. அங்கே அழிப்பு நடவடிக்கை தீவிரமானபின் சரக்கு ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருகிறது. விசாகப்பட்டினம் பக்கம் ரயிலேறி, அன்ரிசர்வ்டு பெட்டியில் சீட்டுக்கு அடியில் பையை வைத்துக்கொண்டு வருகிறவர்களில் நடுவயதுப் பெண்கள் நிறையப் பேர். போலீஸ் சந்தேகப்படாது என்று அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு நடைக்குச் சில ஆயிரம் ரூபாய். பணம் போட்டவன் யார் என்று அவர்களுக்குத் தெரியாது, கையில் பையைக் கொடுத்தவனின் செல்போன் எண் மட்டும் தெரியும். கைதான மறுநாள் அந்த எண் அணைந்துவிடும்.

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். இரண்டு சாக்குப் பை, 22 கிலோ என்று மகசர். நான்கு ஆண்டு ஜாமீன் இல்லாமல் இருந்தார். விசாரணையில் சொத்தை, அதாவது கைப்பற்றிய சரக்கை, திறந்து காட்டச் சொல்லி மனுப் போட்டேன். கோர்ட் ஹாலில் மூட்டையைக் கொட்டினார்கள். பழைய நெடி மூக்கைத் துளைத்தது, முன்வரிசையில் இருந்த ஜூனியர்கள் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். சுண்டுவிரல் தடிமனில் காய்ந்த தண்டுகள், தூளாகிப்போன இலை, கீழே கொட்டிய விதை, இவற்றுக்கு நடுவே பூக்கதிர். எடை போட்ட சப்-இன்ஸ்பெக்டரைக் குறுக்கு விசாரணை செய்தேன். தராசு ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள கடையில் வாங்கியது. கடைக்காரர் சாட்சி இல்லை. தராசில் எடையளவுத் துறை முத்திரை இருந்ததா என்று பார்க்கவில்லை. சாக்கோடு சேர்த்தா, சாக்கைக் கழித்தா என்று மகசரில் இல்லை. ரசாயனப் பரிசோதனைக்குப் போனது ஐம்பது ஐம்பது கிராம் மாதிரி. அது கஞ்சா என்று அறிக்கை சொன்னதே தவிர, 22 கிலோவில் எவ்வளவு கதிர், எவ்வளவு தண்டு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 1985-ல் பாங்கு குடிப்பவர்களுக்காக எழுதிய அந்த வரையறை இந்த அம்மாவுக்கு உதவியது. இருபது கிலோவுக்கு மேல் என்பது நிரூபணமாகவில்லை என்று நீதிபதி இடைப்பட்ட அளவுக்குத் தண்டித்து, உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாக்கி அனுப்பினார். எல்லா நீதிபதிகளும் இந்த வாதத்தை ஏற்பதில்லை. பல வழக்குகளில் இதே வாதம் எனக்குத் தோற்றிருக்கிறது.

எங்கள் கோர்ட் கேஸ் கட்டுகளை வரிசையாகப் புரட்டுங்கள். 1 கிலோ 100 கிராம், 1 கிலோ 200 கிராம், அப்புறம் 21 கிலோ, 22 கிலோ. எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலேயே இத்தனை பேர் பிடிபடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு எண்ணில் ஜாமீனும் பத்தாண்டும் தொங்கும்போது, அந்த எண்ணை எழுதுகிறவர் கையில் நீதிபதியைவிடப் பெரிய அதிகாரம் சேர்ந்துவிடுகிறது.

விடுதலையாகும் வழக்குகளைப் பற்றி ஊரில் கோபம் உண்டு. நுணுக்கம் பேசி வக்கீல் தப்பவைத்துவிட்டார் என்பார்கள். இந்தச் சட்டத்தில் பொருள் கைவசம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், குற்ற எண்ணம் இருந்ததாகக் கோர்ட் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டுவது எதிரியின் பொறுப்பு. மற்ற குற்றங்களில் உள்ள பாதுகாப்பு இங்கே தலைகீழ். அதற்கு ஈடாகச் சட்டம் சில நடைமுறைகளை வைத்தது. ரகசியத் தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். உடல் சோதனைக்கு முன், கெஜடட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உனக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும். 1999-லும் 2010-லும் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் இதைக் கட்டாயம் என்றன. ஆனால் 2005-ல், கையில் இருந்த பை உடலாகாது என்றும் சொல்லிவிட்டது. எங்கள் கட்சிக்காரர்கள் எல்லாரும் பையோடு பிடிபடுகிறவர்கள். நடைமுறையில் அந்த உரிமை அவர்களுக்கு இல்லை. மிச்சமிருக்கும் நடைமுறைகளையும் விட்டுக்கொடுத்தால், தாளில் எழுதியதே தீர்ப்பாகிவிடும்.

சொத்தைப் பாதுகாப்பதும் அப்படித்தான். 2023-ல் சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கு ஒன்றில், மாதிரி போக மீதியை எலி தின்றுவிட்டது என்று சொல்ல நேர்ந்து இருவர் விடுதலையானார்கள். ஒரு மனிதனுக்குப் பத்தாண்டு கேட்கிற அரசு, அதற்கான சாட்சியப் பொருளைப் பூட்டி வைக்கக் கடமைப்பட்டது. மாஜிஸ்திரேட் முன்னால் மாதிரி எடுத்து, பட்டியல் போட்டு, மீதியை அழிக்க 52ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. 2016-ல் உச்ச நீதிமன்றமும் விளக்கமாக உத்தரவு போட்டது.

நான் பார்த்ததில் பெரிய நன்மை செய்த தீர்ப்பு 2020 அக்டோபரில் வந்த தூஃபான் சிங் தீர்ப்பு. சென்னையில் தொடங்கிய வழக்கு அது. அதற்கு முன்பு, பிடித்த அதிகாரியே 67-ம் பிரிவில் வாக்குமூலம் எழுதி வாங்குவார், அதுவே ஆதாரம். மொழி தெரியாதவர்களிடம் ஆங்கிலத்தில் எழுதிய பக்கங்களில் கைநாட்டு வாங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் பெயர் சொல்லப்பட்ட இன்னொருவரையும் சதி என்று இழுத்துப்போட முடிந்தது. மூன்று நீதிபதிகளில் இருவர், அந்த அதிகாரிகளும் போலீஸ்தான், அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் வேறொரு தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைக் கணக்கிட வேண்டும் என்றது. நான்கு கிலோ மாவில் அறுபது கிராம் ஹெராயின் இருந்தால் அறுபதைத்தான் எண்ண வேண்டும் என்று 2008-ல் அந்த நீதிமன்றமே சொல்லியிருந்தது. இப்போது நான்கு கிலோவும் ஹெராயின்.

மேலே இருப்பவன் பிடிபடுகிறானா? அரிது. 2021 கடைசியில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியபோது எங்கள் கோர்ட்டில் வழக்குகள் குவிந்தன. வந்து நின்றவர்கள் பெட்டிக்கடைக்காரர், கல்லூரிப் பையன், பை சுமந்த அம்மா. பலருக்கு மேலே குண்டாஸும் போட்டார்கள். ஓராண்டு, விசாரணையே இல்லாமல். தென்மண்டலக் காவல்துறை 2022-ல் வியாபாரிகளின் வங்கிக் கணக்குகளை முடக்கத் தொடங்கியதை நான் வரவேற்கிறேன். பணத்தின் வழியே போனால்தான் முதலாளியின் வீடு வரும்.

இதற்கிடையே சரக்கும் மாறுகிறது. 2018-ல் டிரமடால் மாத்திரையைச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். பையன்கள் டேபென்டடாலுக்குப் போனார்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். கஞ்சாவோடு ஒப்பிட்டால் இது உயிருக்கே ஆபத்து. கடந்த சில ஆண்டுகளில் என்னிடம் வந்த தாய்மார்களில் பலர் மகனின் கை நரம்பைப் பற்றித்தான் அழுதார்கள்.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிடலாமே என்று இளம் வக்கீல்கள் கேட்கிறார்கள். 1893-94-ல் ஆங்கில அரசு அமைத்த ஆணையமே முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்று சொன்னதை எடுத்துக்காட்டுகிறார்கள். 2020 டிசம்பரில் ஐ.நா.வில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க இந்தியாவே ஆதரவாக வாக்களித்தது என்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் கடை திறப்பதை நான் ஏற்கவில்லை. 2003-லிருந்து அரசே சில்லறையில் மது விற்கும் ஊரில் இருக்கிறேன். குடும்ப நல நீதிமன்றத்தில் நிற்கும் பெண்களிடம் கேட்டால் அதன் விலை தெரியும். வருமானம் பார்த்துவிட்ட அரசு எந்தக் கடையையும் மூடாது. தாய்லாந்து 2022-ல் கஞ்சாவை அவிழ்த்துவிட்டு, மூன்றாண்டில் திரும்பக் கட்ட வேண்டி வந்தது.

எனக்குச் சரியாகப்படுவது 2001-ல் போர்ச்சுகல் எடுத்த வழி. அங்கே விற்பனை இன்றும் குற்றம். தன் உபயோகத்துக்கு வைத்திருப்பவனைக் கிரிமினல் கோர்ட்டுக்கு அனுப்பாமல் மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் குழுவின் முன் அனுப்புகிறார்கள். இந்தியாவில் ஓராண்டில் கஞ்சா, சரஸ் பயன்படுத்தியவர்கள் சுமார் 1.3 கோடி என்று 2019-ல் எய்ம்ஸ் மருத்துவர்கள் எடுத்த தேசிய ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரையும் 27-ம் பிரிவில் தண்டிக்க எந்த அரசாலும் முடியாது. யார் மாட்டினாரோ அவர் வாழ்க்கை மட்டும் கெடும். சுமந்தவனுக்கும் முதல் போட்டவனுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை என்பதும் போக வேண்டும். எடையோடு பங்கையும் பார்க்க நீதிபதிக்கு அதிகாரம் கொடுங்கள். விசாரணை இழுத்தால் 37-ம் பிரிவையும் மீறி ஜாமீன் தரலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

அதுவரை, இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை சிறிய அளவோடு பிடிபட்டு, அவன் அடிமைப்பட்டவனாகவும் இருந்தால், 64ஏ பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குக் கிடைக்கும். பாதியில் விட்டால் அந்த விலக்குப் போய்விடும். குற்றவாளி என்று தீர்ப்பானாலும் 39-ம் பிரிவில் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டால் முடியும். இந்த இரண்டு பிரிவுகளையும் கேட்டு மனுப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தண்டனை பாஸ்போர்ட்டிலும் வேலையிலும் வந்து நிற்கும். முதல் நாளே வக்கீலிடம் 64ஏ பற்றிக் கேளுங்கள். பிடிபடும் முன்பே தெரிந்துவிட்டால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசிப் பிள்ளையை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.